அச்சத்தை மறைத்து விற்றவர்: ஆல்பிரட் ஹிட்ச்காக் வரலாறு

அச்சம் மக்கள் வெறுக்கும் மெய்ப்பாடு. ஆயினும் காசு கொடுத்து அதனைப் பெறவும் அவர் ஒருப்படுகின்றனர். இரணிய நாடகத்தில் தூண் பிளக்கும் வேளையில் தாயின் முந்தானையில் முகம் புதைக்கும் சிறுவன், மறு ஆண்டும் அதே முன்வரிசையில் வந்து அமர்கின்றான். அச்சம் பிறக்கும் நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்று தொல்காப்பியர் வகுத்தார். திகிற்படங்களை விற்றோரும் நெடுங்காலம் இவற்றையே சுவரொட்டிகளில் எழுதிப் பிழைத்தனர். அந்நான்கினையும் நன்கு பயன்படுத்திப் பின் அவற்றை விஞ்சிச் சென்ற ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

ஆல்பிரட் ஹிட்ச்காக் 1899ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் லண்டனை அடுத்த லெய்டன்ஸ்டோனில் பிறந்தார். தந்தையார் காய்கனியும் கோழியும் விற்ற கடைக்காரர், குடும்பத்தினர் கத்தோலிக்கர். மூன்று மக்களுள் இவரே இளையவர். 1910 முதல் மூன்றாண்டு இயேசு சபையார் நடத்திய புனித இஞ்ஞாசியார் பள்ளியிற் பயின்றார். 1914இல், இவருக்கு 15 வயது நிரம்பியிருக்கையில், தந்தையார் காலமாயினார். ஆதலின் ஹென்லி என்னும் தந்திக் கம்பித் தொழிற்சாலையில் எழுத்தராக அமர்ந்து, மாலைவேளைகளில் சித்திரம் கற்றார். வரையும் திறம் கண்ட மேலாளர் இவரை விளம்பரப் பகுதிக்கு மாற்றினர். மின்கம்பி விற்கப் படம் வரைந்து வாசகம் எழுதிய அவ்வேலையே பின்னாளைய புகழுக்கு அடிப்படையாயிற்று.

அத்தொழிற்சாலை ஊழியர் தமக்கென ஓர் இதழ் நடத்தினர். 1919இல் இவர் அதில் ஒரு சிறுகதை எழுதினார். பாரிஸ் நகரத்து இருளில் ஒரு பெண் கயவரிடம் சிக்கி, ஆற்றில் தள்ளப்படுகின்றாள். வாசகர் நெஞ்சம் துடிக்கும் நிலையில், அவள் பல் மருத்துவரின் நாற்காலியில் மயக்கமருந்து தெளிந்து கண் விழிக்கின்றாள். திகிற்கதையின் வழக்கங்களை யெல்லாம் ஒழுங்காகக் கைக்கொண்டு, கடைசி வரியில் அவற்றைக் கவிழ்க்கும் கலை அச்சிறு பக்கத்திலேயே முளைவிட்டது. இத்தகைய இதழ்களில் எழுதும் மாணவ நண்பர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

அமெரிக்கப் படநிறுவனம் ஒன்று லண்டன் இஸ்லிங்டனில் நிலையம் அமைப்பதாகவும், சாத்தானின் துயரங்களைக் கூறும் நாவலொன்றைப் படமாக்கப் போவதாகவும் பத்திரிகையிற் கண்டார். உடனே அந்நாவலைப் படித்து, அதற்கேற்ற தலைப்பட்டைகளை வரைந்து எடுத்துக்கொண்டு சென்றார். படங்கள் பேசாத அக்காலத்தில் உரையாடலை எழுதிக் காட்டிய அட்டைகளே அவை. அந்நாவல் அப்போது படமாகவில்லை. ஆனால் இவருக்கு வேலை கிடைத்தது. அதன்பின் படிப்படியாக உயர்ந்து இயக்குநரானார். 1926 டிசம்பரில், தம்முடன் பணிபுரிந்த ஆல்மா ரெவில் அம்மையாரை மணந்தார். கணவரது படங்கள் ஒவ்வொன்றிலும் அம்மையாரின் கூரிய கண் சென்று படிந்தது.

1927இல் வெளிவந்த இவரது ஊமைப்படம் ஒன்றில், லண்டன் மூடுபனியில் பொன்னிறக் கூந்தற் பெண்களைக் கொல்லும் கொடியவன் ஒருவன் உலவுகின்றான். புதிதாகக் குடிவந்த இளைஞன் மேல் ஐயம் விழுகின்றது. அவ்விளைஞனாக நடித்த ஐவர் நொவெல்லோவுக்கு இருந்த புகழ் காரணமாக அவனைக் குற்றவாளியாக்கல் இயலாதாயிற்று. பெயர்பெற்ற நடிகர் தீங்கு செய்தலும் ஆகாது, இடையில் மடிதலும் ஆகாது என்பது அக்கால வாணிக விதி. அவ்விதியை உடைக்க இவர் 33 ஆண்டு காத்திருந்தார்.

1939இல் அமெரிக்கா சென்றார். அங்கு முதலில் எடுத்த ரெபெக்கா 1940ஆம் ஆண்டின் சிறந்த படமெனப் பரிசு பெற்றது. 1955 முதல் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒரு கதைக்கு முன்னுரை கூற வந்தார். பருத்த மேனியும் கறுப்பு உடையுமாய், சிறிதும் நகையாத முகத்தோடு, கொலையைப் பற்றிக் கடைச்சரக்கைப் பேசுவது போற் பேசினார்; நிகழ்ச்சிக்குப் பணம் அளித்தோரின் விளம்பரங்களையே எள்ளி நகையாடினார். சரக்கைப் பழித்துச் சரக்கு விற்ற இப்புதுமையால் இவர் முகம் வீடுதோறும் அறிமுகமாயிற்று.

அக்காலத்துத் திகிற்பட விளம்பரங்களின் இயல்பையும் அறிதல் வேண்டும். 1931இல் பிராங்கென்ஸ்டைன் படத்தின் தொடக்கத்தில் நடிகர் ஒருவர் திரைமுன் தோன்றி, நெஞ்சுரம் இல்லாதார்க்கு எச்சரிக்கை விடுத்தார். வில்லியம் காசில் என்பார் 1958இல், தம் படத்தைக் கண்டு அஞ்சி இறப்போர்க்கு 1000 டாலர் காப்பீடு வழங்குவதாகப் பறைசாற்றினார். மறு ஆண்டு கொட்டகையின் சில இருக்கைகளுக்கடியில் அதிரும் பொறிகளைப் பொருத்தினார். இவ்விளம்பரங்கள் உரக்கக் கூவின. படமோ பெரும்பாலும் அக்கூவலின் அளவுக்கு எட்டவில்லை. மற்றொரு வழியைப் பிரான்சு காட்டிற்று. நம் புதுச்சேரி 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கியது; அதற்கு மூன்று திங்களுக்குள் அந்நாட்டில் வெளிவந்த குளூஸோவின் லெ தியபொலிக் என்னும் படம், முடிவைப் பிறர்க்குரைத்து அவரது இன்பத்தைக் கெடுக்க வேண்டா என்று காண்போரையே வேண்டி முடிந்தது. கூவுவதினும் மறைப்பது வலிது என்பதை ஹிட்ச்காக் கண்டுகொண்டார்.

1959இல் ராபர்ட் பிளாக் எழுதிய சைக்கோ என்னும் நாவலைப் படமாக்க எண்ணினார். பாரமவுண்ட் நிறுவனத்தார் தயங்கவே, தம் பணத்தையே முதலீடு செய்தார். தொலைக்காட்சிக் குழுவினரைக் கொண்டு, வண்ணமின்றிக் கறுப்பு வெள்ளையில், ஏறத்தாழ 8 லட்சம் டாலர் செலவில் படத்தை முடித்தார். இதில் அணங்கு இல்லை, விலங்கு இல்லை, கள்வர் உண்டு, ஆனால் 40,000 டாலரைத் திருடிய பெண்ணே அஞ்சத்தக்க முடிவை எய்துகின்றாள். அச்சத்தின் நிலைக்களமோ வழிப்போக்கர் விடுதியை நடத்தும் பணிவுள்ள இளைஞன். கதைத்தலைவியென யாவரும் கருதிய ஜேனட் லீயின் பாத்திரம் படத்தின் பாதிக்கு முன்னரே கொலையுண்கின்றது. ஆயினும் சுவரொட்டிகளில் அவர் உருவம் முதன்மை பெற்றது. காண்போர் நட்சத்திரத்தின்மேல் வைத்த நம்பிக்கையே அவர்களைச் சிக்கவைக்கும் கண்ணியாயிற்று.

முன்னோட்டப் படமோ இன்னும் விந்தையானது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் அதில் கதைக்காட்சிகள் அநேகமாக இல்லை. ஹிட்ச்காக்கே கோயிற் பிராகாரத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியைப் போல அவ்விடுதியையும் பாழ் வீட்டையும் காட்டுகின்றார். இன்னது நிகழ்ந்தது எனத் தொடங்கி, சொல்லாமல் நிறுத்துகின்றார். இறுதியில் குளியலறைத் திரையை விலக்க, ஒரு பெண் அலறுகின்றாள். அவளும் ஜேனட் லீ அல்லள். வேரா மைல்ஸ் என்னும் மற்றொரு நடிகையே. இடமனைத்தையும் காட்டிப் பொருளை மறைத்த திறம் இது.

1960 ஜூன் 16ஆம் நாள் நியூயார்க்கில் படம் வெளியாயிற்று. தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடலாகாது என்பது இவர் இட்ட கட்டளை. எந்நேரமும் நுழைந்து எந்நேரமும் எழுந்து செல்வது அக்காலத்து அந்நாட்டார் வழக்கமாயிருந்தது. தாமதித்து வருவோர் மாண்டுபோன தலைவியை முடிவுவரை எதிர்பார்த்துக் கிடப்பர் அன்றோ? கொட்டகை முகப்பில் இவரது உருவப் பலகை கைக்கடிகாரத்தைச் சுட்டி நின்றது. விமர்சகர்க்கும் முன்காட்சி மறுக்கப்பட்டது. வருவாய் குறையுமெனக் கொட்டகையார் கலங்கினர். ஆனால் தெருவில் நீண்ட வரிசைகள் நின்றன. முதலில் குறைகூறிய நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி குரௌதர், ஆண்டிறுதியில் சிறந்த பத்துப் படங்களுள் இதனைச் சேர்த்தார்.

இது வஞ்சகம் அன்றோ என வினவுவார் உளர். விளம்பரம் ஒரு வாக்குறுதி. பொய்யான வாக்குறுதி காசைப் பெற்றுக்கொண்டு பொருளை மறுப்பது. இவர் விளம்பரமோ பொருளை முழுமையாகத் தருதற்பொருட்டே அதனை மூடிவைத்தது. காண்போர் எதிர்பார்த்ததைப் பெறவில்லை. எதிர்பார்த்ததினும் மிகுதியாகப் பெற்றனர். இவ்வேறுபாட்டை விற்போரும் வாங்குவோரும் உணர்தல் நன்று.

1963இல் பறவைகள் என்னும் படத்துக்கு, பன்மை எழுவாய்க்கு ஒருமைப் பயனிலை தந்து, இலக்கணப் பிழைபோல் தோன்றும் விளம்பர வாசகம் ஒன்றை வெளியிட்டார். ஆசிரியர்கள் முகம் சுளித்தனர், வாசகமோ மனத்தில் நிலைத்தது. அப்படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன், இவரால் தாம் அடைந்த துன்பங்களை 2016இல் நூலாக எழுதினார். திரையில் அச்சத்தை ஆண்டவர் படப்பிடிப்புத் தளத்திலும் பிறரை அஞ்சவைத்தார் என்னும் இக்குற்றச்சாட்டையும் விடுத்து இவர் வரலாற்றை எழுதுதல் முறையன்று. ஐந்து முறை முன்மொழியப்பெற்றும் சிறந்த இயக்குநர்க்குரிய ஆஸ்கார் பரிசு இவர்க்குக் கிட்டவில்லை. 1980 ஏப்ரல் 29ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸில் உயிர் நீத்தார்.

தமிழ்நாட்டில் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இந்நெறியில் துணிந்து சென்றார். 1954இல் பாட்டும் நடனமும் இன்றி அந்த நாள் என்னும் படத்தை அளித்தார். 1964இல் பொம்மை படத்தின் இறுதியில் தாமே தோன்றி நடிகரையும் தொழிற்கலைஞரையும் அறிமுகம் செய்தார். மரபை அறியாது மீறுவோன் தடுமாறுவான். அறிந்து மீறுவோன் வழி சமைப்பான். தந்திக் கம்பிக்கு விளம்பரம் எழுதிய எழுத்தரின் வாழ்வு உணர்த்துவது இதுவே.