பெஞ்சில் அமர்ந்திருந்த தந்தை: வால்ட் டிஸ்னியின் வாழ்க்கை

சித்திரை பிறந்து கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டால், எங்கள் அடி அண்ணாமலையில் நண்பகல் வேளையில் தெருவில் வெறுங்காலை ஊன்ற முடியாது. பகலெல்லாம் மலைப்பாறை வாங்கிய சூடு இரவிலும் இறங்குவதில்லை. அத்தகைய நாட்களிலும், சித்திரைப் பௌர்ணமி வந்துவிட்டால், மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் மக்கள் வெள்ளம் அலைமோதும். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் தந்தையரையும், நின்று நின்று மோர் வாங்கிக் கொடுக்கும் தாய்மாரையும் அன்று காணலாம். திருவிழாக் கூட்டத்தில் எங்கேனும் ஒரு குடைராட்டினம் கண்ணில் பட்டுவிட்டாலோ, பிள்ளைகள் அவ்விடத்தை விட்டு நகரமாட்டார்கள். பெற்றோர் காசைக் கொடுத்து அவர்களை ஏற்றிவிட்டு, ஓரமாக நின்று துண்டால் விசிறிக்கொள்வார்கள். சுற்றுவது பிள்ளை மட்டுமே.

கோடை விடுமுறைக்கு எங்கே போக ஆசை என்று நம் மாணவியரைக் கேட்டுப் பாருங்கள். சென்னைப் பக்கம் உள்ள தீம் பார்க்குக்கு என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். அத்தகைய பூங்காக்களுக்கு உலகம் முழுவதும் முன்மாதிரியாக அமைந்த ஒன்றை உருவாக்கியவரும் ஒரு தந்தையே. தம் பெண்கள் ராட்டினத்தில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு பெஞ்சில் வேலையற்று உட்கார்ந்திருந்தவர் அவர். மிக்கி மௌஸ் என்னும் எலியைப் படைத்தவர் என்று உலகம் அவரை அறியும். இக்கட்டுரை வால்ட் டிஸ்னி என்ற அந்த மனிதரை, முதலில் ஒரு மகனாகவும் பின்பு ஒரு தந்தையாகவும் காண முயல்கிறது.

விளையாட நேரமில்லாத சிறுவன்

1901ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில் வால்ட் டிஸ்னி பிறந்தார். தந்தை எலியாஸ், தாய் ஃப்ளோரா. ஆண்மக்கள் நால்வரில் இவரே இளையவர். இவருக்குப் பின் ரூத் என்ற தங்கை பிறந்தாள். எலியாஸ் தச்சுவேலை தெரிந்தவர். 1893இல் சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் கட்டட வேலையில் அவரும் ஈடுபட்டார். இன்று நம் ஊர்த் திருவிழாக்களில் நிமிர்ந்து பார்க்கிறோமே, அந்த ராட்சத ராட்டினத்தின் மூதாதை அக்கண்காட்சியில்தான் நிறுத்தப்பட்டது. ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் எழுப்பிய அதன் உயரம் சுமார் 80 மீட்டர்.

1906இல் அக்குடும்பம் மிசௌரி மாநிலத்தில் மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து பண்ணை வைத்தது. ஆடு மாடுகளையும் கோழிகளையும் பார்த்துப் பார்த்து வால்ட் படம் வரையத் தொடங்கியது அங்கேதான். ஊர் வழியாகச் செல்லும் ரயில் வண்டியின் மீது அவருக்குத் தோன்றிய மோகம் கடைசிவரை நீங்கவில்லை. ஆனால் அந்த இன்பம் சில ஆண்டுகளே நீடித்தது. தந்தையின் உடல்நிலை குன்றியது, பண்ணை விற்கப்பட்டது. 1911இல் குடும்பம் கான்சாஸ் நகரம் சென்றது.

அங்கே எலியாஸ் செய்தித்தாள் விநியோகத்தை எடுத்து நடத்தினார். அப்போது வால்ட்டுக்குப் பத்து வயது கூட நிரம்பவில்லை. அதிகாலை மூன்றரை மணிக்கு எழ வேண்டும். பனி முழங்காலளவு குவிந்துகிடக்கும் தெருக்களில் வீடு வீடாகச் சென்று தாளைப் போட வேண்டும். பள்ளி விட்டதும் மாலைத்தாள். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இதற்குக் கூலியென்று தந்தை அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை. பிள்ளையின் உழைப்பு குடும்பத்துக்கு உரியது என்பது அந்தக் கண்டிப்பான மனிதரின் கொள்கை. வகுப்பில் வால்ட் பலமுறை தூங்கி வழிந்தார். நம் பள்ளியிலும் விடியுமுன் எழுந்து பால் ஊற்றிவிட்டும், பூக்கட்டிக் கொடுத்துவிட்டும் வந்து, இரண்டாம் பாடவேளையில் கண் சொக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு இவரது இளமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கான்சாஸ் நகரில் எலக்ட்ரிக் பார்க் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. இரவில் ஆயிரக்கணக்கான மின்விளக்குகள் அங்கே ஒளிவிடும். மின்விளக்கு புதுமையாயிருந்த அக்காலத்தில், செய்தித்தாள் சுமந்த சிறுவனின் மனத்தில் அந்த ஒளி பதிந்துவிட்டது.

வீழ்ச்சியும் எழுச்சியும்

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், பதினாறு வயதிலேயே அவர் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து பிரான்சு சென்றார். திரும்பி வந்து, 1922இல் கான்சாஸ் நகரில் கார்ட்டூன் படம் எடுக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது திவாலாயிற்று. கையில் சுமார் 40 டாலருடன் ஹாலிவுட்டுக்கு ரயிலேறினார். அங்கே அண்ணன் ராய் துணைநின்றார். 1923 அக்டோபரில் சகோதரர் இருவரும் சேர்ந்து ஒரு நிறுவனம் கண்டனர். கணக்கு வழக்கை ராய் பார்த்தார். கற்பனையை வால்ட் பார்த்தார். 1925இல் லில்லியன் என்னும் பெண்ணை வால்ட் மணந்தார்.

ஆஸ்வால்ட் என்ற முயல் பாத்திரத்தை அவர் உருவாக்கிப் புகழ்பெறச் செய்தார். ஆனால் அதன் உரிமை விநியோகஸ்தரிடம் இருந்தது. 1928இல் முயலையும், தம்மிடம் பணிபுரிந்த ஓவியர் பலரையும் அவர் ஒருசேர இழந்தார். அந்த இழப்பின் பின்னர்ப் பிறந்ததே மிக்கி மௌஸ். அதே ஆண்டு நவம்பர் 18இல் ஒலியோடு வெளிவந்த ஸ்டீம்போட் வில்லி என்ற படம் அந்த எலியை உலகறியச் செய்தது. 1937இல் ஸ்னோ ஒயிட் என்னும் முழுநீள வண்ணக் கார்ட்டூன் படம் வெளியாகிப் பெரும் வெற்றி கண்டது.

அந்த வருவாயில் சகோதரர் இருவரும் தம் பெற்றோருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தனர். வீட்டைச் சூடாக்கும் அடுப்பில் கோளாறு ஏற்பட்டு, நச்சுவாயு பரவி, 1938 நவம்பரில் தாய் ஃப்ளோரா உயிரிழந்தார். அன்பால் கொடுத்த பரிசே அன்னைக்கு எமனாயிற்றே என்ற துயரம் வால்ட்டை வாழ்நாள் முழுதும் வாட்டியது. அதைப் பற்றி அவர் எவரிடமும் பேச விரும்பியதில்லை.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. 1941இல் அவருடைய ஸ்டூடியோத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதைத் தமக்குச் செய்த துரோகமாகவே கருதினார். அந்தக் கசப்பை அவரால் எளிதில் மறக்க முடியவில்லை. ஆனால் வீட்டில் அவர் வேறு மனிதராக விளங்கினார்.

பெண்களின் அப்பா

வால்ட் தம்பதியருக்கு 1933இல் டயான் பிறந்தாள். 1936இன் இறுதியில் பிறந்த ஷாரன் என்ற பெண்குழந்தையை அவர்கள் தத்தெடுத்து வளர்த்தனர். இருவரிடையே எவ்வித வேறுபாடும் காட்டவில்லை. எவ்வளவு வேலையிருந்தாலும் பெண்களைப் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விடுவதை வால்ட் தம் கடமையாக வைத்துக்கொண்டார். வார விடுமுறை வந்தால் அது பெண்களுக்கே உரியது. தம் தந்தையிடம் தமக்குக் கிட்டாத ஒன்றை, தம் மக்களுக்குக் கொடுக்க அவர் தவறவில்லை.

லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் ஒரு பெரிய குடைராட்டினம் உண்டு. மரத்தால் செதுக்கிய 68 குதிரைகள் அதில் பாய்ந்தோடும். பெண்கள் அவற்றில் ஏறிச் சுற்றுவார்கள். தந்தை பெஞ்சில் அமர்ந்து வேர்க்கடலை கொறிப்பார். ஒருமுறை அல்ல, பலமுறை இவ்வாறு உட்கார்ந்திருந்தபோது அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. பிள்ளை மகிழும்போது பெற்றோர் மட்டும் ஏன் ஓரமாக உட்கார வேண்டும்? இருவரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் ஏன் இருக்கக் கூடாது?

அக்காலக் கேளிக்கைப் பூங்காக்கள் பல அழுக்கும் அநாகரிகமும் மலிந்தவையாக இருந்தன. லில்லியன் அம்மையாரே அதைக் காட்டி ஆட்சேபித்தார். தாம் அமைப்பது அப்படியிராது என்று வால்ட் உறுதி கூறினார். பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. ராயும் முதலில் தயங்கினார். வால்ட் தம் ஆயுள் காப்பீட்டின் மீது கடன் வாங்கினார். ஓய்வுக்கென வைத்திருந்த வீட்டையும் விற்றார். பிறகு ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் உதவிக்கு வந்தது. அனாஹெய்ம் என்னும் ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு வாங்கப்பட்டது. 1954 ஜூலையில் தொடங்கிய வேலை ஓராண்டில் முடிந்தது. செலவு 170 லட்சம் டாலர். பூங்காவைச் சுற்றி ஒரு ரயில் ஓடியது. அதில் தந்தையும் மகளும் ஒன்றாக ஏறலாம். அதன் குடைராட்டினத்தில் எந்தக் குதிரையும் சும்மா நிற்கலாகாது, எல்லாமே பாய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

வெயில் கொளுத்திய நாள்

1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. நம் ஊர் மே மாதத்தைப் போல, அன்று வெயில் ஏறக்குறைய 38 டிகிரியைத் தொட்டது. அழைக்கப்பட்டோர் மட்டுமின்றி, போலி அனுமதிச்சீட்டோடு வந்தோரும் உள்ளே நுழைந்ததால் சுமார் 28,000 பேர் கூடிவிட்டனர். புதிதாகப் போட்ட தார் இறுகாமல் இளகியது. பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. உணவு தீர்ந்துபோயிற்று. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய், கழிப்பறை ஆகிய இரண்டையும் முடிக்க நேரமில்லாமல், கழிப்பறையையே அவர் தேர்ந்தெடுத்திருந்தார். ஆகவே பலருக்குக் குடிக்கத் தண்ணீர் கிட்டவில்லை. தாகத்தில் அழுத குழந்தைகளோடு பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமன்று. இவையெல்லாம் நடக்கும்போதே தொலைக்காட்சியில் திறப்பு விழா நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. அதைத் தொகுத்தளித்தவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்டு ரீகன். ஊழியர்கள் அந்நாளைக் கறுப்பு ஞாயிறு என்றே பின்னர் அழைத்தனர்.

வால்ட் தளரவில்லை. பூங்காவிலேயே, தீயணைப்பு நிலையத்தின் மாடியில் அவருக்கு ஒரு சிறு குடியிருப்பு இருந்தது. அங்கே தங்கி, மக்களோடு மக்களாக வரிசையில் நின்று, எங்கே நிழல் இல்லை, எங்கே காத்திருப்பு அதிகம் என்று தாமே கண்டறிந்து ஒவ்வொன்றாகச் சீர்செய்தார். இரண்டே மாதத்துக்குள் பத்து லட்சம் பேர் வந்து சென்றனர்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் பூங்கா திறந்த நாளில் டயானுக்கு வயது 21. அவளுக்குத் திருமணமாகி, வால்ட்டுக்கு ஒரு பேரனும் பிறந்துவிட்டான். ஷாரனுக்கு வயது 18. எந்தப் பெண்களுக்காக அந்த எண்ணம் பிறந்ததோ, அவர்கள் சிறுமியராக இருந்தபோது டிஸ்னிலாந்து இருக்கவேயில்லை. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு பழைய குடைராட்டினமும், ஒரு பொட்டலம் வேர்க்கடலையும், தங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அப்பாவுமே.

மறைவும் நினைவும்

1966 டிசம்பர் 15ஆம் நாள், தமது 65ஆம் வயதில், நுரையீரல் புற்றுநோயால் வால்ட் டிஸ்னி காலமானார். பல்லாண்டு விடாது புகைத்த பழக்கம் அவருக்கு இருந்தது. ஃப்ளோரிடாவில் அவர் திட்டமிட்டிருந்த பெரிய பூங்காவை, ஓய்வுபெற எண்ணியிருந்த அண்ணன் ராய் முன்னின்று கட்டி முடித்து, தம்பியின் பெயரையே சூட்டி 1971 அக்டோபரில் திறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார்.

மூத்த மகள் டயான் தம் முதுமையில், 2009இல், சான்ஃபிரான்சிஸ்கோ நகரில் தந்தைக்காக ஓர் அருங்காட்சியகம் திறந்தார். ஒரு நிறுவனத்தின் பெயராகிவிட்ட தம் அப்பாவை, உயிரும் உணர்வும் உள்ள மனிதராக உலகம் அறிய வேண்டும் என்பது அவர் விருப்பம். கிரிஃபித் பூங்காவின் அந்தப் பெஞ்சு டிஸ்னிலாந்தில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டது.

அன்பு மாணவியரே! வரும் விடுமுறையில் உங்களுள் சிலர் தீம் பார்க் செல்லலாம். பலருக்கு அந்தச் செலவு வீட்டில் கட்டுப்படியாகாது. அதற்காக முகம் வாட வேண்டாம். பெற்றோர்களே! பெரிய பூங்காவுக்குப் பணம் சேரும்வரை பிள்ளைகளின் வயது காத்திருப்பதில்லை. டிஸ்னிக்கே அது காத்திருக்கவில்லை. வெயில் தாழ்ந்தபின் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் பிள்ளையோடு பேசிக்கொண்டு சிறிது தூரம் நடந்து வாருங்கள். வழியில் ராட்டினம் சுற்றினால், இம்முறை ஓரமாக நின்றுவிடாமல் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்.