சொல்லேர் உழவர் சால் பிளாட்ஜே

ஆப்பிரிக்க இலக்கியம் என்றதும் சினுவா அச்சிபியையும் வோலே சோயிங்காவையும் எண்ணும் நண்பர்களுக்கு, அவர்களுக்கு முன்னரே ஏர் பூட்டிய ஒருவரை அறிமுகப்படுத்த விழைகின்றேன். அவர்தாம் தென்னாப்பிரிக்கா ஈன்ற சால் பிளாட்ஜே.

1876-இல் சுவானா இனக் குடும்பமொன்றில் பிறந்தார். பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளே. கிம்பர்லி அஞ்சலகத்தில் தந்திச் சேவகராக இருந்தவர், தாமே பயின்று பன்மொழி வல்லுநரானார், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரானார், பத்திரிகை நடத்தினார். 1912-இல் தோன்றி, பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு எனப் பெயர்பெற்ற இயக்கத்தின் முதல் பொதுச் செயலாளரும் அவரே.

1913-ஆம் ஆண்டின் நிலச் சட்டம், மண்ணின் மைந்தர்க்கு நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டையே ஒதுக்கியது. ஆடுமாடுகளோடு அலைந்த குடும்பங்களை மிதிவண்டியில் சென்று கண்டார். இலண்டன் சென்று முறையிட்டார், பயனில்லை. கண்டதை 1916-இல் நூலாக்கினார்.

அதே ஆண்டில் அவர் சுவானாப் பழமொழிகள் 732-ஐத் தொகுத்து வெளியிட்டது என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. நிலம் பறிபோகும் வேளையில் பழமொழி எதற்கு? மொழியும் ஒரு நிலமே. அதைத் தரிசாக விடலாகாது என்று அவர் கருதியதாகவே நான் கொள்கின்றேன். சேக்சுபியரையும் தாய்மொழிக்குக் கொணர்ந்தார். தென்னாப்பிரிக்கக் கருப்பினத்தவர் எழுதிய முதல் ஆங்கில நாவலாகப் போற்றப்படும் ‘முடி’, பத்தாண்டுகள் காத்திருந்து 1930-இல் அச்சேறியது.

1932-இல் மறைந்தார். அந்தச் சட்டம் 1991-இல் நீக்கப்பட்டது. கிம்பர்லியில் 2014 முதல் அவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. சில ஆண்டுகளே பள்ளி சென்றவருக்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறென்ன வேண்டும்?