தன்னுயிர் ஈந்த சுபேதார்

நெல் விளையும் தஞ்சை மண்ணில் வளரும் பெண்கள் நாம். விடியுமுன் வரப்பில் நடக்கையில், முன்னே செல்லும் அப்பா பாம்பைக் கண்டால் கையை விரித்து நம்மை நிறுத்திவிடுவார். அவரை நம்பித்தான் நாம் அடுத்த அடி வைக்கிறோம். அத்தகைய நம்பிக்கையைத் தம் உயிரைக் கொடுத்துக் காத்த தமிழர் சுபேதார் சுப்பிரமணியன்.

காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கம் இவர் பிறந்த சிற்றூர். இராணுவத்தில் சேர்ந்த இவர் பணியாற்றியது மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்னும் படையில். 1780-ஆம் ஆண்டு தோன்றிய பழம்பெரும் படை அது. பாலம் கட்டுவதும், சாலை போடுவதும், பகைவர் மண்ணுக்குள் புதைத்து வைத்த கண்ணிவெடிகளை அகற்றுவதும் அதன் வேலை. மற்றவர் நடக்க வழி செய்து கொடுப்பவர்கள் அவர்கள். அப்படையில் சுப்பிரமணியன் சுபேதாராக உயர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 இலட்சம் இந்தியர் தாமாக முன்வந்து படையில் பணியாற்றினர். ஆனால் நம் நாடோ அப்போது அடிமைப்பட்டிருந்தது. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்து, தேசபக்தர்கள் சிறைகளை நிறைத்தனர். அந்நியர் சீருடை அணிந்தவரை நாம் ஏன் போற்ற வேண்டும் என்ற கேள்வி எங்கள் வகுப்பிலும் எழுந்தது. அவர் வாழ்வின் கடைசி நாளே அதற்கு விடை சொல்கிறது.

1944 பிப்ரவரியில் இத்தாலியில் கடும்போர் நடந்தது. புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மோன்தே காசினோ மடம் அம்மாதம் 15-ஆம் நாள் குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று. அங்கே போரிட்ட படைகளுள் 4-ஆவது இந்திய டிவிஷனும் ஒன்று. காசினோவுக்குத் தெற்கே உள்ளது மின்யானோ என்னும் ஊர். பிப்ரவரி 24 அன்று அங்கே கண்ணிவெடிகள் நிறைந்த நிலத்தில், வெடிகளைக் கண்டறியும் கருவியுடன் ஒரு சிறு குழு சென்றது. சுப்பிரமணியனும் அக்குழுவில் இருந்தார். திடீரென்று ஒரு வீரரின் கால் மண்ணுக்குள் இருந்த வெடியை மிதித்துவிட்டது.

அது மிதித்த கணமே வெடிப்பதன்று. சில நொடிகள் கழித்தே வெடிக்கும். அந்நொடிகளில் தாம் விலகித் தப்ப முயன்றிருக்கலாம். ஆனால் வெடிகளோடு பழகிய சுப்பிரமணியன், உடன் வந்தவர்களுக்கு என்ன நேரும் என்பதை உணர்ந்தார். பாய்ந்து அந்த வெடியின்மேலேயே படுத்துக்கொண்டார். வெடியின் வேகம் முழுவதையும் அவர் உடல் தாங்கிற்று. அவர் மாண்டார், அருகிலிருந்தோர் பிழைத்தனர். அப்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது.

அவர் மறைந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. வெள்ளியாலான அச்சிலுவையின் நடுவில், அரக்கப் பாம்பை வீழ்த்தும் புனித ஜார்ஜின் உருவம் இருக்கும். பகைவரோடு நேருக்கு நேர் பொருதாத வேளையிலும் தலைசிறந்த துணிவு காட்டியவர்க்கு உரிய பதக்கம் அது. ஆம், சுப்பிரமணியன் அன்று எவரையும் கொல்லவில்லை, காப்பாற்றினார்.

எங்கள் கேள்விக்கும் இதுவே விடை. அந்தச் சில நொடிகளில் அவர் உயிர் கொடுத்தது எந்த அரசருக்காகவும் அன்று. தம் அருகில் நின்ற தோழர்களுக்காகவே. நமக்குப் போர்க்களம் வாய்க்காமற் போகலாம். ஆயினும் நம்மை நம்பிப் பின்னே வருகின்ற தம்பி தங்கையர் உண்டு. இனி வரப்பில் முன்னே நடக்கும் முறை நமக்கு வரும்போது, இவரை நினைவில் கொள்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி