வத்தலக்குண்டு இராஜமையரும் கதையின் உட்கருத்தும்

திண்டுக்கல் நகரை நடுவே வைத்து நோக்குவோமாயின், அதற்கு வடக்கே குடகனாற்றங்கரையில் வேடசந்தூரும், தென்மேற்கே பழனிமலைச் சாரலை யடுத்து வத்தலக்குண்டும் அமைந்திருத்தல் காண்போம். நெடுங்காலம் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த இவ்விரண்டூர்களும் 1985 ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் அடங்கின. இவற்றுள் வத்தலக்குண்டு, தமிழ் நாவலின் வரலாற்றில் அழியாத இடம்பெற்ற ஓர் இளைஞரை ஈன்ற பெருமையுடையது. அவரே பி. ஆர். இராஜமையர். 1872 ஆம் ஆண்டில் தோன்றி 1898 ஆம் ஆண்டில் மறைந்த அவர், தமிழில் எழுதி முடித்த நாவல் ஒன்றே. எனினும், கதையெழுத விரும்பும் நம் மாணவர்க்கு அவ்வொரு நூல் கற்பிக்கும் பாடம் மிகப் பெரிது.

அப்பாடம் யாது? கதையின் உட்கருத்தை எங்ஙனம் வளர்ப்பது என்பதே. கதை எழுதப் புகுவோருள் ஒரு சாரார், நீதியொன்றை முதலிலேயே வரைந்துகொண்டு, பாத்திரங்களை அதற்குச் சாட்சி கூற அழைக்கின்றனர். மற்றொரு சாரார், உட்கருத்தென ஒன்று வேண்டுவதேயில்லை, நிகழ்ச்சிகள் சுவையாயிருப்பின் போதும் என்கின்றனர். முன்னையது உபந்நியாசமாகவும், பின்னையது வெறும் பொழுதுபோக்காகவும் முடிதல் கண்கூடு. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டென்பதை இராஜமையருடைய வாழ்க்கையும் நூலும் காட்டுகின்றன.

அந்தணர் குடியிற் பிறந்த இராஜமையர், இளமைக் கல்வியை ஊரிலும் பின்னர் மதுரையிலும் பெற்று, அதன் மேல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்து பி.ஏ. பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் அந்நாளில் தலைவராய் விளங்கியவர் வில்லியம் மில்லர் என்னும் பேரறிஞர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பற்றி மில்லர் பின்னர் எழுதிய நூல்களின் நோக்கம், ஒவ்வொரு நாடகத்தின் அடியிலும் மானிட வாழ்க்கையைப் பற்றிய உண்மையொன்று உறைந்து கிடத்தலை எடுத்துக் காட்டுவதாம். இங்ஙனம் இலக்கியத்தை வாழ்க்கையோடு பொருத்திக் கற்பித்த கல்லூரியில் பயின்றவர் நம் ஆசிரியர். ஆங்கிலக் கவிஞரிடத்தும், கம்பரிடத்தும், தாயுமானவரிடத்தும் அவருக்கு ஒருங்கே ஈடுபாடு இருந்தது. பட்டம் பெற்றபின் சட்டக் கல்வியிற் புகுந்தாரேனும் வழக்கறிஞராக அமைந்தாரல்லர். தாம் யார், இவ்வுலகத் துன்பங்களுக்கு முடிவு யாது என்னும் வினாக்களே அவர் உள்ளத்தை நிரப்பியிருந்தன.

இந்நிலையில், சி. வி. சுவாமிநாத ஐயர் நடத்திவந்த விவேக சிந்தாமணி என்னும் மாத இதழில், 1893 ஆம் ஆண்டில் இராஜமையர் ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 21. நம் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர் பலருடைய வயதே அது என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். 1895 வரை தொடர்ந்து வெளிவந்த அக்கதை, 1896 இல் நூலுருப் பெற்றது. ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம் என்பது அதன் முழுப்பெயர்.

அதற்கு முன்னர்த் தமிழில் தோன்றிய புகழ்பெற்ற நாவல், மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879 இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம் ஆகும். நல்லொழுக்கத்தைப் புகட்டுதலே தம் எண்ணமென அதன் ஆசிரியர் வெளிப்படையாகவே கொண்டிருந்தார். ஆதலின் கிளைக்கதைகளும் அறிவுரைகளும் அந்நூலில் மலிந்து கிடக்கின்றன. அது குறையன்று; அந்நூலின் இயல்பு. இராஜமையரோ வேறொரு முறையை மேற்கொண்டார்.

அவர் நூலின் இரட்டைப் பெயரை உற்று நோக்குவோம். ஒரு பாதி ஒரு பெண்ணின் பெயர். மறுபாதி ஒரு கருத்து. அபவாதம், அதாவது பொய்ப்பழி, என்னும் அக்கருத்தே கதையின் வித்து. அவ்வித்தை ஆசிரியர் முதலில் எங்கே ஊன்றுகின்றார்? சிறுகுளம் என்னும் சிற்றூரில், பெண்டிர் கூடிப் பிறர் குடும்பக் கதைகளை அலசும் வம்பர் மகாசபையிலேயே ஊன்றுகின்றார். அச்சபையின் பேச்சு நமக்கு நகைப்பையே விளைக்கும். வேடசந்தூர்ச் சந்தையிலோ, கிணற்றடியிலோ, கோயில் திண்ணையிலோ இத்தகைய பேச்சைக் கேளாதவர் எவர்? அதனால் ஒரு தீங்கும் நேராது என்றே நாம் எண்ணிக் கடந்து செல்கின்றோம். ஆசிரியரும் அவ்விடத்தில் புறங்கூறுதல் தீது என்று ஒரு சொல்லும் உரைத்து நிற்பதில்லை.

வித்து மெல்ல முளைக்கின்றது. செல்வரான முத்துஸ்வாமி ஐயரும் அவர் மனைவி கமலாம்பாளும் இன்புற்று வாழ்கின்றனர். ஐயருடைய தம்பியின் மனைவியாகிய பொன்னம்மாளின் பொறாமையால் குடும்பத்தில் பிளவு தோன்றுகின்றது. அருமை மைந்தன் காணாமற் போகின்றான். பின்னர்ச் செல்வமும் அழிகின்றது. இங்ஙனம் ஒவ்வொன்றாய் இழந்து தளர்ந்திருக்கும் வேளையில், மனைவியின் கற்பைப் பற்றிய பொய்ப்பழி ஐயருடைய செவிக்கு எட்டுகின்றது. தொடக்கத்தில் நாம் கேட்டு நகைத்த அதே நாவின் தொழில், இப்பொழுது ஒரு மனிதனுடைய இல்லறத்தையே எரித்துவிடுகின்றது. நகைத்த நாமும் அச்சபையில் ஒருவாறு அங்கத்தினராயிருந்தோம் என்னும் உணர்ச்சி அப்பொழுதுதான் நமக்கு உண்டாகின்றது. உட்கருத்து வளர்தல் என்பது இதுவே. ஆசிரியர் அதனைக் கூறவில்லை. நாமே கண்டுகொள்ளுமாறு நிகழ்ச்சிகளை அடுக்கினார்.

மனைவியின்மீது பொய்யாக ஐயுற்ற கணவனைப் படிக்குங்கால், ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நம் நினைவிற்கு வருகின்றான். ஆயின் ஒதெல்லோ தன் மனைவியைக் கொன்று தானும் மாய்கின்றான். முத்துஸ்வாமி ஐயரோ வீட்டைத் துறந்து வெளியேறுகின்றார். அத்துறவிலே ஞானாசிரியர் ஒருவரை அடைந்து தெளிவு பெறுகின்றார். முடிவில் பிரிந்தவர் கூடுகின்றனர். ஒரே வகையான நிகழ்ச்சியிலிருந்து ஒரு நூல் அழிவையும், மற்றொரு நூல் அமைதியையும் நோக்கிச் செல்வது உட்கருத்தின் வேற்றுமையால் அன்றோ? மயங்கிய உயிரொன்று பல துன்பங்களுக்கு உட்பட்டுத் தூய இன்பநிலையை எய்துதலை விளக்குவதே தம் நோக்கமென்றும், கதை தமக்கு முதன்மையன்றென்றும் இராஜமையர் நூலின் முடிவில் தெரிவிக்கின்றார். தொடக்கத்திலன்றி முடிவில் அதனைக் கூறியது கருதத்தக்கது.

நிற்க. இந்நூலைப் புகழ்வோரும் ஒரு குறையை எடுத்துக் கூறுவதுண்டு. முற்பகுதியில் ஊரும் தெருவும், பள்ளியும் திருமணமும், சல்லிக்கட்டும் உயிர்பெற்று நடமாடுகின்றன. பிற்பகுதியில் வேதாந்த விசாரணை மேலோங்கக் கதையின் விறுவிறுப்புத் தணிகின்றது என்பர். இக்கூற்றில் உண்மையுண்டு. உட்கருத்து, மாந்தரின் செயலாய் வளருமிடத்தில் நூல் ஒளிர்கின்றது. ஞானியின் உரையாய் வெளிப்படுமிடத்தில் சற்று மங்குகின்றது. ஆயினும், பிற்பகுதியை வெட்டியெறிந்தால் எஞ்சுவது ஒரு வம்பினால் கெட்ட குடும்பத்தின் கதையே. துன்பத்திற்கு ஒரு பொருள் உண்டோ என்ற வினாவை நூலுக்குத் தந்தது அப்பிற்பகுதிதான். வேதாந்த முடிபுகளை ஏற்பவரும் ஏலாதவரும் இவ்வினாவின் முன் ஒருங்கே நிற்றல் வேண்டும்.

ஆசிரியரின் வாழ்க்கையும் கதையைப் போன்றே திரும்பிற்று. சுவாமி விவேகானந்தரின் ஊக்கத்தால் 1896 ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் தோன்றிய பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாத இதழுக்கு இராஜமையர் ஆசிரியரானார். 24 வயதினராயிருந்தும், பழுத்த அறிஞரைப் போல அதன் பக்கங்களிற் பெரும்பகுதியைத் தாமே எழுதி நிரப்பினார். வாசுதேவ சாஸ்திரி என்பவரைத் தலைவராகக் கொண்டு உண்மைப் பெருமை இன்னதென விளக்கும் ஆங்கிலத் தொடர்கதையொன்றையும் அதில் வரைந்தார். உடலோ அவ்வுழைப்பைத் தாங்கவில்லை. 1898 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் நாள், தம் 26 ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். தடைப்பட்ட இதழ் அவ்வாண்டு ஆகஸ்டில் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிலிருந்து மீண்டும் வெளிவரலாயிற்று. அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் 1905 இல் தொகுத்து நூலாக்கப்பெற்றன.

இன்னும் பல்லாண்டுகள் வாழ்ந்திருப்பின், கதையையும் கருத்தையும் பிரிவறக் கலக்கும் ஆற்றல் அவர்பால் நிறைந்திருக்கும் என்று நாம் வருந்துதல் இயல்பே. அவர் தொடங்கிவைத்த வேலையை மேற்கொள்ளுதல் அவ்வருத்தத்தினும் சிறந்தது. குடகனாற்றங்கரை மாணவன் ஒருவன் கதையெழுத விரும்பினால், உயர்ந்த கருத்தொன்றைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தன் தெருவில் நாள்தோறும் நிகழ்வதும், எவரும் பொருட்படுத்தாததுமான சிறு செயலொன்றை எடுத்துக்கொள்க. அது யாரைத் தொடுகின்றது, அவர் எதை இழக்கின்றார், இழந்தபின் எதை அறிகின்றார் என்று பொறுமையுடன் பின்தொடர்க. முடிவை அடையுங்கால், தான் கூற வந்தது இன்னதென அவனுக்கே விளங்கும். வத்தலக்குண்டில் தோன்றிய இளைஞர் நமக்கு விட்டுச் சென்ற வழி இதுவேயாம்.