மீகாமன் சார்லி பார்

ஸ்காட்லாந்து நாட்டில், கிளைடு ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் கூரக் என்றோர் ஊர் உண்டு. 1864ஆம் ஆண்டு அங்குப் பிறந்த சார்லி பார், முதலில் மளிகைக் கடையில்தான் தொழில் பழகினார். தராசும் படிக்கல்லும் அவர் மனத்துக்கு ஒத்துவரவில்லை போலும்! மீன்பிடிக்கும் தொழிலுக்குச் சென்றுவிட்டார். 1888இல் மினர்வா என்னும் சிறு பாய்க்கப்பலைச் செலுத்திக்கொண்டு அமெரிக்கா சேர்ந்தார். பின்னர் அந்நாட்டின் குடிமகனுமானார்.

அந்நாளில் பந்தயக் கப்பல்களின் சொந்தக்காரர்கள் பெருஞ்செல்வர்கள். அவற்றைச் செலுத்தியவர்களோ பெரும்பாலும் சம்பளக்காரர்கள். பாரும் அத்தகைய சம்பளக்காரரே. ஐந்தடியைச் சற்றே தாண்டிய உயரம்தான். ஆனால் அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் 1899, 1901, 1903 ஆகிய மூன்று முறையும் தேயிலை வணிகர் சர் தாமஸ் லிப்டனின் கப்பல்களைத் தோற்கடித்தவர் இவர்தாம்.

1905ஆம் ஆண்டு ஜெர்மானியப் பேரரசர் கெய்சர் இரண்டாம் வில்லியம், அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பந்தயம் ஒன்றுக்குக் கோப்பை அறிவித்தார். நியூயார்க் அருகேயுள்ள சாண்டி ஹூக்கிலிருந்து இங்கிலாந்தின் லிசார்டு முனை வரை சுமார் 3,000 கடல் மைல். பதினொரு கப்பல்கள் போட்டியிட்டன. பார் செலுத்திய கப்பலின் பெயரும் அட்லாண்டிக் என்பதே. 185 அடி நீளமும் மூன்று பாய்மரங்களும் கொண்டது. அதன் உரிமையாளர் வில்சன் மார்ஷல் தம் விருந்தினருடன் அதிலேயே பயணம் செய்தார்.

மே 17ஆம் நாள் பந்தயம் தொடங்கியது. மே 24 நண்பகலோடு முடிந்த ஒரு நாளில் மட்டும் கப்பல் 341 கடல் மைல் ஓடிற்று. பிறகு புயல் பிடித்துக்கொண்டது. சுக்கான் பிடித்தவர்களை அலை அடித்துச் செல்லாதிருக்கக் கயிற்றால் பிணைக்க வேண்டியதாயிற்று. கப்பலை நிறுத்திப் புயல் தணியட்டும் என்று மார்ஷல் வேண்டியதாகவும், பந்தயத்தை வெல்லவே தம்மை அமர்த்தியிருப்பதாகக் கூறிப் பார் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். முதலாளியை அவர் அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டார் என்றுகூட ஒரு கதை உண்டு! பூட்டினாரோ இல்லையோ, கப்பல் நிற்கவில்லை.

இது துணிவா, பிடிவாதமா? கப்பலில் இருந்தவை ஐம்பது உயிர்கள் அல்லவா? ஆயினும் பார் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவர் அல்லர். எண்ணெய்ப் பைகளைக் கடலில் தொங்கவிட்டு அலைகளின் சீற்றத்தைத் தணித்துக்கொண்டே சென்றார். தம் மாலுமிகளையும் கப்பலின் வலிமையையும் நன்கு அறிந்த ஒருவரே அப்படிச் செய்திருக்க முடியும் என்பது என் எண்ணம்.

மே 29ஆம் நாள் இரவு லிசார்டு முனை வந்தது. பயணக் காலம் 12 நாள், 4 மணி, 1 நிமிடம், 19 வினாடி. அடுத்து வந்த ஹாம்பர்க் என்னும் ஜெர்மானியக் கப்பல் ஏறக்குறைய ஒரு நாள் பின்தங்கியிருந்தது.

கோப்பை மார்ஷலுக்கு உரியதாயிற்று. முதல் உலகப் போரின்போது அவர் அதைச் செஞ்சிலுவை நிதிக்கு வழங்கினார். உடைத்துப் பார்த்தபோதுதான் அது பொன்னன்று, பொன்முலாம் பூசியது எனத் தெரிந்தது.

அதைக் கேட்கப் பார் உயிரோடில்லை. 1911 சனவரி 24ஆம் நாள் சவுத்தாம்டனில், காலை உணவின்போது மாரடைப்பால் காலமானார். வயது 46. அவருடைய சாதனையை 1980இல் பிரெஞ்சு மாலுமி எரிக் தபார்லி முறியடிக்கும்வரை, 75 ஆண்டுகள் அது நிலைத்து நின்றது.