எரிக் லிடல்: ஓட்டக்காரர், வாத்தியார், பிள்ளைகளின் அங்கிள்



விடுமுறை விட்டதும் ஒரு மாணவர் குழு பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போவதும், அங்கே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டு, கதை, வேதபாடம், விளையாட்டு என்று பத்து நாள் நடத்திவிட்டு வருவதும் பல கல்லூரிகளில் உள்ள வழக்கம்தான். கடைசி நாளில் பிள்ளைகள் அழுவார்கள், நம்ம ஆட்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் கல்லூரி திறந்துவிடும். அந்தப் பிள்ளைகள் அதே ஊரில் இருப்பார்கள். போய் வந்தவர்களுக்கு இது மனதை உறுத்தும் விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான், மாணவனாக இருந்தபோது இதேபோன்ற குழுவில் சேர்ந்து, பிறகு பிள்ளைகளோடு கடைசிவரை இருந்துவிட்ட ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் எரிக் லிடல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர்.

விட்டுப் போகப்பட்ட சிறுவன்

எரிக் பிறந்தது 1902 ஜனவரி 16, வட சீனாவின் டியன்ட்சின் நகரில். இன்று அதைத் தியான்ஜின் என்கிறார்கள். தகப்பனார் ஜேம்ஸ் லிடல், லண்டன் மிஷனெரி சங்கத்தின் ஊழியர். நாகர்கோவில், நெய்யூர் பக்கத்து நண்பர்களுக்கு எல்.எம்.எஸ். என்றால் விளக்கம் சொல்லவே வேண்டாம், அதே சங்கம்தான். குடும்பம் சியாவ்சாங் என்ற கிராமப்புற மிஷன் வளாகத்தில் குடியிருந்தது.

எரிக்குக்கு ஐந்து வயதானபோது குடும்பம் விடுமுறையில் ஸ்காட்லாந்து வந்தது. அந்தக் கால மிஷனெரிகளின் வழக்கப்படி, அண்ணன் ராபர்ட்டையும் எரிக்கையும் லண்டனில் மிஷனெரிகளின் மகன்களுக்கென்றே நடந்த விடுதிப் பள்ளியில் 1908-இல் சேர்த்துவிட்டுப் பெற்றோர் சீனாவுக்குத் திரும்பினார்கள். அந்தப் பள்ளிதான் பிற்பாடு எல்தம் கல்லூரி என்று பெயர் பெற்றது. அன்று எரிக்குக்கு வயது ஆறு, அண்ணனுக்கு எட்டு. அதற்குப் பிறகு அப்பா அம்மாவைப் பார்ப்பதெல்லாம் அவர்கள் பல வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வரும்போதுதான். இந்தச் செய்தியை வாசகர்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

மாணவர் குழுவில் ஓர் ஓட்டக்காரர்

1920-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. படிக்கச் சேர்ந்தார். ஓட்டத்தில் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. ரக்பி ஆட்டத்தில் 1922, 1923 ஆண்டுகளில் ஸ்காட்லாந்து அணிக்காக ஏழு ஆட்டங்கள் ஆடினார். ஆனால் மேடை ஏறிப் பேசுவதென்றால் கூச்சம்.

அப்போது கிளாஸ்கோ மாணவர்கள் சிலர் சுவிசேஷக் குழு ஒன்றை நடத்திவந்தார்கள். டி. பி. தாம்சன் என்ற மாணவர் அதில் முன்னணியில் இருந்தார். ஆர்மடேல் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் அவர்கள் கூட்டம் போட்டால் ஆண்கள் எட்டிப் பார்ப்பதில்லை. ரக்பி வீரரைக் கூட்டி வந்தால் வருவார்கள் என்று கணக்குப் போட்ட தாம்சன், வழியில் போன வண்டியில் தொற்றிக்கொண்டு எடின்பரோ போய் எரிக்கைக் கேட்டார். எரிக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். 1923 ஏப்ரல் 6 அன்று ஏறக்குறைய 80 பேர் முன்னிலையில் பேசினார். பிரசங்கம் என்று சொல்லுமளவுக்கு ஒன்றும் இல்லை. தன் விசுவாசத்தைச் சாதாரணமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொன்னார். அதுதான் தொடக்கம். அதற்குப் பிறகு லீவு கிடைத்தபோதெல்லாம் அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனார்.

அதே 1923 ஜூலையில் ஸ்டோக் நகரில் 440 கெஜ ஓட்டம். புறப்பட்ட உடனே இடறித் தள்ளப்பட்டு விழுந்தார். எழுந்து பார்த்தால் மற்றவர்கள் 20 கெஜம் முன்னால் போயிருந்தார்கள். விட்டுவிடாமல் ஓடி ஜெயித்தார்.

பாரிஸ்

இந்தக் கதை அநேகருக்குத் தெரியும். 1981-இல் வந்து ஆஸ்கர் விருதுகள் வாங்கிய ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படம் இதைத்தான் சொல்கிறது. 100 மீட்டர் முதல் சுற்று 1924 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் ஓட மாட்டேன் என்று எரிக் மறுத்துவிட்டார். படத்தில் கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிவதாகக் காட்டுவார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்ததும் 400 மீட்டருக்குப் பயிற்சியைத் திருப்பினார். பத்திரிகைகளின் ஏச்சையும் பேச்சையும் மாதக்கணக்கில் தாங்கிக்கொண்டு பயிற்சி செய்தார் என்பது படத்தில் வருவதைவிடப் பெரிய விஷயம்.

200 மீட்டரில் வெண்கலம். ஜூலை 11 அன்று 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம். 17-ஆம் தேதி எடின்பரோவில் பட்டமளிப்பு விழா. பட்டத்தோடு தலையில் இலைக் கிரீடமும் சூட்டினார்கள். சக மாணவர்கள் தோளில் தூக்கி வைத்து ஊர்வலம் போனார்கள். வயது 22. விரும்பியிருந்தால் வாழ்நாள் முழுவதும் அந்தப் பேரை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம்.

ஒரு வருஷம் வேதசாஸ்திரம் படித்தார். தாம்சனோடு கூட்டங்களுக்குப் போனார். 1925 கோடையில் சைபீரிய ரயில் ஏறிச் சீனாவுக்குப் போயிட்டார்.

டியன்ட்சின் வாத்தியார்

போன வேளை நல்ல வேளை இல்லை. அந்த வருஷம் மே 30 அன்று ஷாங்காயில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழிருந்த போலீஸ், ஊர்வலம் போனவர்களைச் சுட்டுவிட்டது. சீன மாணவர் உலகமே பிரிட்டிஷ்காரர் மேல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நிலைமையில்தான் டியன்ட்சின் ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் சயன்ஸ் வாத்தியாராக அவர் காலடி வைத்தார். லண்டன் மிஷன் 1902-இல் தொடங்கிய கல்லூரி அது. பெரும்பாலும் வசதியான சீனக் குடும்பத்துப் பையன்கள் படித்தார்கள்.

வாரநாளில் பாடம், மாலையில் மைதானம், மாணவர்களோடு வேதபாடக் கூட்டம், ஞாயிறு வந்தால் யூனியன் சபையின் ஞாயிறு பள்ளி. அந்த ஞாயிறு பள்ளிக்கு அவரே சூப்பரின்டென்டென்ட். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டும், வருகைப் பதிவு பார்த்துக்கொண்டும் இருந்தார். இதைப் பன்னிரண்டு வருஷம் செய்தார். பத்து நாள் முகாமில் நாம் காட்டும் உற்சாகம் வேறு. பன்னிரண்டாம் வருஷத்தின் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய பொறுமை வேறு.

இடையில் விடுமுறையில் ஊருக்குப் போனபோது 1932-இல் குருப்பட்டம் பெற்றார். 1934 மார்ச் 27 அன்று கனடா மிஷனெரி குடும்பத்துப் பெண் ஃபிளாரன்ஸ் மெக்கன்சியை மணந்தார். பட்ரீஷியா, ஹெதர் என்று இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

1937-இல் ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கியது. கிராமங்களில் ஊழியருக்குப் பஞ்சம். பிள்ளைப் பருவத்தில் வளர்ந்த சியாவ்சாங்குக்கே போகும்படி சங்கம் கேட்டது. கல்லூரியை விட அவருக்கு மனமில்லை, தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். அண்ணன் ராபர்ட் அங்கே மருத்துவர். போர்ப் பிரதேசம் என்பதால் மனைவி மக்கள் டியன்ட்சினில் இருக்க, இவர் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றினார். நடுவில் ஜப்பானியப் படை, கெரில்லாப் படை, கொள்ளைக்காரர் எல்லாரையும் தாண்டித்தான் போக வேண்டும். 1939-இல் காயம்பட்டுக் கிடந்தவர்களை யாரும் தொடப் பயந்தபோது, வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி கொண்டுவந்தார்.

1941-இல் நிலைமை முற்றியது. கர்ப்பிணியாக இருந்த ஃபிளாரன்ஸையும் இரண்டு பிள்ளைகளையும் மே மாதம் கனடாவுக்கு அனுப்பினார். தான் பின்னால் வருவதாக எண்ணம். மூன்றாவது மகள் மாரீன் செப்டம்பரில் பிறந்தாள். அவளை அவர் பார்க்கவே இல்லை.

முள்கம்பிக்குள் ஒரு பள்ளிக்கூடம்

1943 மார்ச்சில் டியன்ட்சினில் இருந்த பிரிட்டிஷ், அமெரிக்கர் முதலானோரை ஜப்பானியர் வெய்சியன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய வெய்ஃபாங் நகரம் அது. முன்பு அமெரிக்க மிஷன் வளாகமாக இருந்த இடம். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் அந்தச் சின்ன வளாகத்துக்குள். வியாபாரி, பாதிரியார், கன்னியாஸ்திரீ, இசைக்காரர் என்று எல்லாத் தரப்பும் ஒரே வரிசையில் சோற்றுக்கு நிற்க வேண்டும்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஷீஃபு பள்ளிப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சீன உள்நாட்டு மிஷன் ஊழியரின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி அது. பெரும்பாலோருக்கு அப்பா அம்மா தொலைவில், வேறு மாகாணங்களில். வருஷக்கணக்கில் பார்க்கவில்லை. ஆறு வயதில் லண்டன் விடுதியில் நின்ற எரிக்குக்கு இவர்களைப் பார்த்ததும் என்ன தோன்றியிருக்கும் என்று நாமே ஊகிக்கலாம்.

பாடப் புத்தகம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. கெமிஸ்ட்ரி கருவிகளை நினைவிலிருந்தே கையால் படம் வரைந்து பாடம் நடத்தினார். தண்ணீர் சுமந்தார், வயதானவர்களுக்கு ஒத்தாசை செய்தார். உடைந்த ஹாக்கி மட்டைகளைத் துணிக் கீற்று சுற்றி ஒட்டிக் கொடுத்தார். இளைஞர்கள் சும்மா திரிந்து கெட்டுப்போகாமல் இருக்க மாலையில் சதுரங்கம், நடனம், நாடகம் என்று ஏற்பாடு செய்தார். வேதபாட வகுப்பும் நடந்தது. பிள்ளைகளுக்கு அவர் ‘அங்கிள் எரிக்’ ஆனார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முகாமிலும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு கிடையாது என்பதே அவர் ஏற்பாடு. இளைஞர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிறு தாங்களே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லை; ஆட்டம் அடிதடியில் முடிந்தது. எரிக் யாரையும் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு அவரே மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார்.

யோசித்துப் பாருங்கள். எந்த நாளுக்காக ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்டாரோ, உலகம் முழுக்க எந்தக் கொள்கையால் பேர் வாங்கினாரோ, அந்த நாளில் பத்துப் பதினைந்து பையன்களின் ஆட்டத்துக்கு ஊதல் ஊதினார். பாரிஸில் அவர் விட்டது தனக்கு வரவேண்டிய பதக்கம், யாருக்கும் நஷ்டமில்லை. வெய்சியனில் தன் நியமத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அடிபடுவது அந்தப் பையன்கள். இரண்டு இடத்திலும் அவர் விட்டுக்கொடுத்தது தன்னுடையதைத்தான் என்பது என் கருத்து. ‘கொள்கை தளர்ந்துவிட்டார்’ என்று சொல்பவர்களும் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளில் யாரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

முடிவு

1945 தொடக்கத்தில் அவருக்குத் தலைவலி, தளர்ச்சி. வேலைப்பளுவால் வந்த நரம்புத் தளர்ச்சி என்றே கருதப்பட்டது. பிப்ரவரி 21 அன்று மனைவிக்குக் கடிதம் எழுதினார், அன்றே இறந்துபோனார். மூளையில் கட்டி இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. வயது 43. முகாம் விடுதலையானது ஆகஸ்ட் 17 அன்று. ஆறு மாதம்கூட இல்லை.

முகாமில் இருந்த ஸ்டீபன் மெட்காஃப் என்ற பையனுக்குக் குளிரில் செருப்பு இல்லை. எரிக் தன் ஓட்டக் காலணிகளைக் கொடுத்திருந்தார். பகைவருக்காக ஜெபிக்க வேண்டும் என்று வேதபாடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார். பெட்டியைச் சுமந்தவர்களில் அந்தப் பையனும் ஒருவன். அவர் 1952-இல் மிஷனெரியாகப் போன நாடு, தங்களைச் சிறை வைத்த அதே ஜப்பான்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இருக்காது. முகாம் பிள்ளைகளுக்கு அங்கிளாக இருந்தவரின் மூன்று மகள்கள் கனடாவில் அப்பா இல்லாமல் வளர்ந்தார்கள். இறந்த செய்தி ஃபிளாரன்ஸுக்குப் போய்ச் சேர்ந்ததே மே மாதத்தில்தான். பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த எரிக்கின் பிள்ளைகளுக்கும் அதே பிரிவு வந்தது. ஊழியம் என்று நாம் பெருமையாகச் சொல்வதற்கு வீட்டில் இருப்பவர்களும் விலை கொடுக்கிறார்கள். மேடையில் அவர்கள் பெயர் வருவதில்லை.

1991-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் மல் தீவுக் கருங்கல்லைக் கொண்டுபோய் வெய்ஃபாங்கில் அவருக்கு நினைவுக்கல் நாட்டியது. ஒரு கல்லூரி தன் பழைய மாணவனைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

தம்பி தங்கைகளே, வரும் விடுமுறையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்த நீங்கள் எங்காவது போகலாம். எல்லாரும் இருபது வருஷம் தங்க முடியாது. அதை யாரும் கேட்கவும் இல்லை. திரும்பி வந்தபின் அந்தப் பிள்ளைகளின் பெயர்களை மறந்துவிடாதீர்கள். மாதம் ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த வருஷம் முடிந்தால் அதே ஊருக்கே போங்கள். சீனியர் நண்பர்களே, அவர்கள் போய்வரும் செலவுக்கு நாம் கை கொடுப்போம். சந்திப்பு நாள் வாழ்த்துகள்.