வெடிமருந்தும் மருந்தும்

ஆல்பிரட் நோபல் 1833ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். தந்தையின் தொழில் நிமித்தம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வளர்ந்தார். இல்லத்திலேயே ஆசிரியர்களிடம் பயின்று, பன்மொழிகளிலும் வேதியியலிலும் தேர்ந்தார்.

இத்தாலிய வேதியியலாளர் சொப்ரேரோ 1847இல் உருவாக்கிய நைட்ரோகிளிசரின், சிறு அதிர்வுக்கும் வெடித்துச் சிதறும் நீர்மமாகும். அதனை அடக்கியாள முனைந்தார் நோபல். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1864 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமிலிருந்த ஆய்வுக்கூடம் வெடித்தது. தம்பி எமிலும் உடனிருந்தோர் சிலரும் மாண்டனர். நகருக்குள் ஆய்வு தடைசெய்யப்படவே, ஏரியில் மிதந்த படகொன்றில் பணியைத் தொடர்ந்தார். அதனைத் துணிவென்பதா, பிடிவாதமென்பதா? இரண்டுமே பொருந்தும். நீர்மத்தை நுண்துளை மண்ணில் ஊறவைத்தால் எளிதில் வெடிக்காது என்று கண்டு, 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

நைட்ரோகிளிசரினைக் கையாண்ட தொழிலாளர்களைக் கடுந்தலைவலி வாட்டியது. நோபலும் அவ்வலியை அறிந்தவரே. குருதிக்குழாய்களை அது விரியச் செய்ததே காரணம். அவ்வியல்பையே நன்மையாக்கி, இலண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் 1879இல் அதனை மிகச் சிறிய அளவில் நெஞ்சுவலிக்கு வழங்கினார். தமிழில் வெடிமருந்து என்னும் சொல்லுக்குள்ளேயே மருந்து அமைந்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

முதுமையில் நோபலையும் இதயநோய் பற்றியது. மருத்துவர்கள் அவருக்கு எழுதித் தந்த மருந்து நைட்ரோகிளிசரின்! ஊழின் இவ்விளையாட்டை வியந்து, 1896இல் தம் உதவியாளருக்கு மடல் வரைந்தார் அவர். அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் இத்தாலியின் சான் ரெமோவில் காலமானார். அம்மருந்து உடலுள் எவ்வாறு செயற்படுகிறது என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

நைட்ரோகிளிசரினிலிருந்து உடலில் நைட்ரிக் ஆக்சைடு உருவாகிறது. ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவுமே கொண்ட அச்சிறு மூலக்கூறு, குருதிக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களுள் எளிதில் நுழைகிறது. அங்கே குவானிலேட் சைக்ளேஸ் என்னும் புரதத்திலுள்ள இரும்பணுவைப் பற்றுகிறது. பற்றியதும் அப்புரதத்தின் வடிவம் மாறுகிறது. அடங்கியிருந்த நொதி முனைப்புடன் இயங்கத் தொடங்குகிறது. அது உண்டாக்கும் சைகைப் பொருளால் தசை தளர்கிறது; குழாய் விரிகிறது; இதயத்தின் சுமை குறைகிறது. வேறு பல புரதங்களிலோ, சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தக அணுவில் நைட்ரிக் ஆக்சைடு தொகுதி இணைந்து, அவற்றின் பணியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

நைட்ரிக் ஆக்சைடு ஒரு சைகை மூலக்கூறு என்று கண்டறிந்த பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் 1998இல் மருத்துவத்துக்கான பரிசைப் பெற்றனர். நோபல் 1895இல் எழுதிய உயிலால் அமைந்த அப்பரிசு, அவர் மறைந்த நாளாகிய டிசம்பர் 10 அன்று அவர்களுக்கு வழங்கப்பட்டது.